ஒருவரே பேசிய போட்டியில் இரண்டாம் இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடம். வோபர்னில் என் வீட்டு முன்யன்னலின் திரையை விலக்கியபோது முதலில் தெரிந்தது ஒரு மினிவானின் பின்பக்கம். என் ட்றைவ்வேயில் பின்னோக்கி ஏறி நின்றது. டிக்கி திறந்திருந்தது. இரவு விழுந்த பனியை நான் இன்னும் அள்ளவில்லை. அந்தப் பனியின்மேல் ஒரு குளியல் துவாயை விரித்து, ஒருவர் அதில் கேடயங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மரப்பலகையில் பித்தளைத் தகடு ஒட்டியவை, கண்ணாடிபோல் மினுங்கும் பிளாஸ்ரிக்கில் செய்தவை, தங்க நிறத்தில் சிறகு விரித்தவை. சந்தையில் கத்தரிக்காய் பரப்புகிறவரைப் போல ஒவ்வொன்றையும் துடைத்து, நேராக்கி, ஓரடி பின்னால் நின்று பார்த்தார்.

கேடயத்தார் வந்திருந்தார்.

ரொறன்ரோவில் வளர்ந்து, பள்ளிக்கூடத்தை முடிக்கும்வரை ஒரு விருதுகூட வாங்காத தமிழ்ப் பிள்ளை எங்காவது இருக்குமானால், அந்தப் பிள்ளையைக் கேடயத்தார் சந்திக்கவில்லை என்பதே பொருள். அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. யாரும் பாவிப்பதில்லை. ஒருமுறை அவருடைய வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மனைவி எடுத்து, "கேடயத்தார் குளிக்கிறார், பிறகு எடுங்கோ" என்றார்.

வாரநாட்களில் அவருக்கு மார்க்கம் நகரில் குளிரூட்டி உதிரிப்பாகங்கள் வைக்கும் களஞ்சியத்தில் வேலை. மல்வேர்னில் வீடு. சனி, ஞாயிறு முழுவதும் விருது. மற்றவர்கள் குளிர்காலத்தில் டிக்கியில் பனி தட்டும் தூரிகையும் பற்றரி வயரும் வைத்திருப்பார்கள். இவர் பெயர் பொறிக்காத கேடயங்கள் வைத்திருந்தார். "அவசரத்துக்கு" என்பார்.

கேடயம் தேவைப்படும் அவசரம் எப்படியிருக்கும் என்பதை ஸ்ரௌவ்வில்லில் ஒரு பிறந்தநாள் வீட்டில் கண்டேன். புது வீடு, சுவரில் இன்னும் பூச்சு மணம். பிறந்தநாள்காரன், கேக் வெட்டத் தாமதமான கோபத்தில், இரண்டு கையாலும் மேசையில் அடித்துக்கொண்டிருந்தான். மிருதங்க வகுப்புக்கு இரண்டு கிழமை போயிருக்கிறான் என்று தாய் சொன்னார். கேடயத்தார் சப்பாத்தைக்கூடச் சரியாகப் போடாமல் வெளியே ஓடினார். திரும்பி வந்தபோது கையில் கேடயம். அதில் கறுப்பு மார்க்கரால், ஈரம் காயாமல், 'வளர்ந்துவரும் லயச்செல்வன், முதலாம் இடம்' என்று எழுதியிருந்தது. தாய் கண்ணைத் துடைத்தார். பையன் அடுத்த கிழமையே மிருதங்கத்தை விட்டுவிட்டு நீச்சலுக்குப் போனான். கேடயம் வரவேற்பறையில் இருக்கிறது. விருந்தினர் எவரும் அதைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போக வேண்டும்.

இதற்கெல்லாம் அவரிடம் ஒரு தத்துவம் இருந்தது.

"மார்க்ஸ் எல்லாருக்கும் தொண்ணூற்றெட்டு அண்ணை. தொண்ணூற்றெட்டு இல்லாத பிள்ளையை இந்த ஊரிலை காட்டுங்கோ பாப்பம். அப்ப கம்பஸிலை இருந்து பாக்கிறவன் என்னத்தை வச்சுப் பிரிக்கிறது? விருதை வச்சுத்தான். கனமான பக்கம் சரியும்."

அவருடைய மனதில் பல்கலைக்கழகத்தின் அனுமதி அலுவலகம் ஓர் இறைச்சிக்கடை. தராசு இருக்கிறது; அதற்குப் பின்னால் வெள்ளை அங்கி போட்ட ஒருவர் நிற்கிறார். இந்தக் கண்டுபிடிப்பு அவருடையது மட்டும் என்று சொன்னால் அநியாயம். சனிக்கிழமை வகுப்புகள் முடியும் நேரத்தில் எந்த வாகனத் தரிப்பிடத்திலும் காது கொடுங்கள். "அவையின்ர மகளுக்கு ஏன் கிடைச்சது தெரியுமே?" என்று ஒருவர் தொடங்குவார். கிடைத்த பிள்ளை படித்தாள் என்று யாரும் முடித்து நான் கேட்டதில்லை. மார்க்கத்தில் ஒரு பிளாசாவில் இதற்கென்றே ஓர் ஆலோசகர் கடை போட்டிருந்தார். 'உள்ளூர் விருது எடுபடாது, மாகாண மட்டம் வேண்டும்' என்று அவர் ஒரு பெற்றோரிடம் சொன்னார். அது ஒரு வாரத்தில் மல்வேர்ன் முழுவதும் பரவியது. அடுத்த மாதம் கேடயத்தாரின் பேச்சுப்போட்டி 'மாகாண மட்டப் பேச்சுப்போட்டி' ஆனது. அதே மண்டபம், அதே பிள்ளைகள், அதே வடை. பதாகையில் மட்டும் ஒரு சொல் கூடியிருந்தது.

அதற்கடுத்த வருடம் அது 'சர்வதேச மட்டம்' ஆகியது. லண்டனில் இருக்கும் யாரோ ஒரு பிள்ளை கணினித் திரையில் பேசியது. சத்தம் வரவில்லை. நடுவர்கள் வாயசைவுக்குப் புள்ளி போட்டார்கள்.

நான் அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் ஒரு தமிழ் வார இதழில் செய்தியாளனாக இருந்தேன். குளிர்காலச் சனிக்கிழமைகளில் ஏதாவது ஓர் ஊர்ச்சங்கத்தின் ஒன்றுகூடல் இருக்கும். ஊர்களின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எனக்கும் ஒரு கேடயம் வந்து சேரும். புகையிலை விளையும் ஊர் ஒரு கிழமை, கடலோர ஊர் மறு கிழமை. ஒவ்வொரு சங்கமும் தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டுமே விருது கொடுக்கும். கேடயத்தாரின் மகள் ஆரபிக்கு நான்கு ஊர்கள். தகப்பனின் ஊர், தாயின் ஊர், தாயின் தகப்பனுடைய ஊர். நான்காவது எப்படி என்று கேட்டேன்.

"நான் அங்கை ரெண்டு வருசம் ரியூசனுக்குப் போனனான்."

அந்தச் சங்கத்துக்கு அவர் உபசெயலாளரும்கூட.

எந்தக் குழுவிலும் நுழைவதற்கு அவருக்கு ஒரே வழி இருந்தது. புதிதாக யாரைக் கண்டாலும், "நீங்கள் எந்தப் பகுதி? அம்மா எந்தப் பகுதி?" என்று தொடங்கி, தேநீர் ஆறுவதற்குள் அவரைச் சொந்தக்காரர் ஆக்கிவிடுவார். சகலன் முறை, மச்சாள் முறை, சித்தப்பா முறை. சங்கத் தலைவர்கள், பொருளாளர்கள், நடுவர்கள் எல்லோரும் இப்படி வரிசையாக உறவானார்கள். என்னிடம் மட்டும் அது பலிக்கவில்லை.

"அண்ணை எந்தப் பகுதி?"

"மன்னார்."

"அம்மா?"

"மன்னார்தான்."

"வேதக்காரரோ?"

"ஓம், கிறிஸ்தவர்தான்."

"யாழ்ப்பாணத்திலை சம்பந்தம் கிம்பந்தம் ஏதும்...?"

"ஒண்டும் இல்லை."

செத்தவீட்டுக்கு வந்தவர் போல என் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். "பறவாயில்லை அண்ணை" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

விருதுகளைக் கிண்டல் செய்து நான் அப்போது ஒரு பத்தி எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவர் எனக்கு விருது தந்தார். 'சிறந்த ஊடகவியலாளர், முதலாம் இடம்.' மண்டபத்தில் மேசைக்குக் கீழே அதை வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை எங்கள் அலுவலக வாசலில் அது சாய்ந்து நின்றது. அச்சு இயந்திரத்தின் ஒரு கால் ஆடும். அதற்கு அணை கொடுத்தேன். அளவு பொருத்தமாக இருந்தது.

ஆனால் அவரை எண்ணும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது ஒரு பனிப்புயல் நாள். சர்வதேச மட்டத்துக்கு முந்திய காலம். மல்வேர்ன் மண்டபத்தில் பேச்சுப்போட்டி, பெண்கள் கீழ்ப்பிரிவு. பஸ்கள் நின்றுவிட்டன. நடுவர்கள் மூவரும் வந்துவிட்டார்கள், வடையும் வந்துவிட்டது. போட்டியாளர் ஒருவர்தான் வந்தார், அமைப்பாளரின் மகள். பன்னிரண்டு வயது ஆரபி, 'நேரத்தின் அருமை' என்ற தலைப்பில், நேரத்துக்கு வராத எல்லோருக்குமாகச் சேர்த்துப் பேசினாள். நன்றாகவே பேசினாள். கேடயத்தார் நடுவர்களோடு ஒரு மூலைக்குப் போனார். நீண்ட ஆலோசனை நடந்தது. பிறகு மேடையேறி, ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்து, முடிவை அறிவித்தார்.

"இரண்டாம் இடம், செல்வி ஆரபி!"

ஆரபி மேடைக்கு வந்து கேடயத்தை வாங்கினாள். தகப்பனை அண்ணாந்து பார்த்தாள். ஒலிவாங்கி இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது.

"அப்பா, அப்ப ஃபர்ஸ்ட் ஆர்?"

"உதெல்லாம் வீட்டை போய்க் கதைப்பம். கும்பிட்டிட்டு இறங்கு பிள்ளை."

அந்த வாரம் நான் செய்தியை இப்படி எழுதினேன்: 'போட்டியில் ஒருவர் பங்குபற்றினார். அவர் இரண்டாம் இடத்தைப் பெற்றார்.' திங்கட்கிழமை கேடயத்தார் தொலைபேசியில் வந்தார். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் எடுத்தேன். பேப்பரில் போட்டதற்கு நன்றி சொன்னார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். சாரத்தின் மேல் குளிரங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். வானின் முன்னிருக்கையிலிருந்து ஆரபி இறங்கினாள். பதினேழு வயது. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தாள்.

"சொறி அங்கிள். முதல்லை ரெக்ஸ்ட் பண்ணுங்கோ எண்டு சொன்னனான். ஹி டஸ்ன்ற் லிசன்."

"அண்ணை, ஒரு அவசரம்" என்றார் கேடயத்தார்.

அவசரம் இதுதான். மருத்துவத்துக்குப் போக விரும்பும் பிள்ளைகள் முட்டி மோதும் ஒரு சிறிய வகுப்பு. எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. ஆரபி வேறு எதையும் விரும்பவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அதே பேச்சு. மேலதிக விண்ணப்பம் அன்று நள்ளிரவுக்குள் போக வேண்டும். பிள்ளையின் சாதனையை நேரில் கண்ட ஒருவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டிருந்தார்கள். அவர் குடும்பத்தவராகவோ உறவினராகவோ இருக்கக் கூடாது.

"அதுக்கென்ன, சங்கத் தலைவரைப் போடுங்கோவன்" என்றேன்.

"எந்தத் தலைவரை? புகையிலை ஊர் என்ர சகலன். கடலோர ஊர் மனிசிக்குச் சித்தப்பா."

"அண்டைக்கு நடுவரா இருந்த ரீச்சர்?"

"மச்சாள் முறை."

"உண்மையான மச்சாளோ?"

"நான்தானே அண்ணை கண்டுபிடிச்சனான்."

பத்து வருடமாக ஊரையெல்லாம் உறவாக்கிய மனிதர், உறவில்லாத ஒருவனைத் தேடி, விடியற்காலையில் பனிக்குள் வந்திருந்தார்.

"நீங்கள் கண்டுபிடிச்ச சகலனையெல்லாம் இங்கை சொந்தமெண்டு ஒருத்தரும் எண்ண மாட்டாங்கள். பேசாமல் எழுதுங்கோ."

அவர் திடுக்கிட்டார். "பிள்ளை கையெழுத்து வைக்கிற இடம் அண்ணை. பொய் எழுதலாமே?" பிறகு என் கையைப் பிடித்தார். குரலில் அப்படியொரு மகிழ்ச்சி. "நீங்கள்தான் எல்லாத்துக்கும் வந்தனீங்கள். நீங்கள்தான் எங்களுக்கு ஒருத்தருமில்லை!"

என்னை இதற்கு முன் எவரும் இவ்வளவு அன்போடு அந்நியன் என்று சொன்னதில்லை. சாட்சி சொல்வதானால் எதற்கு என்று தெரிய வேண்டாமா? குனிந்து துவாயில் இருந்த கேடயங்களை வாசித்தேன். தகடுகளை வாசிப்பது எனக்குப் பழகிய வேலை. பேச்சு, இரண்டாம் இடம். வினாடிவினா, இரண்டாம் இடம். சித்திரம், இரண்டாம் இடம். சர்வதேச மட்டம், இரண்டாம் இடம். கடைசிவரை போனேன். திரும்பி வந்தேன்.

"முதலாமிடம் ஒண்டும் இல்லையோ?"

"நான் கமிற்றியிலை இருந்துகொண்டு என்ர பிள்ளைக்கு முதலாமிடம் குடுக்கலாமே? என்ன கதை கதைக்கிறியள்! முதலாமிடம் வெளியாக்களுக்கு. எங்கட ஆக்களுக்கு ரெண்டாமிடம்தான். அது என்ர கொள்கை."

"அம்மாவுக்கும் அப்பிடித்தான் அங்கிள்" என்றாள் ஆரபி. "கறிப் போட்டி. செகண்ட். சித்தப்பாவின்ர மகன், செஸ். செகண்ட். அவன் எல்லாரையும் வெண்டவன்!"

"சித்திரத்திலை முதலாமிடம் ஆருக்குக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஸ்ரௌவ்வில் பெடியனுக்கு. நல்ல பெடியன். உங்களுக்குத் தெரியும், மேசையிலை மிருதங்கம் அடிச்சவன்ர தமையன்."

"அவன் இந்த வருசம் எந்த வகுப்புக்குப் போடுறான்?"

கேடயத்தார் மகளைப் பார்த்தார்.

"சேம் புறோகிராம், அப்பா" என்றாள் ஆரபி. "வினாடிவினா ஃபர்ஸ்ட், சேம் புறோகிராம். ஸ்பீச் சீனியர் ஃபர்ஸ்ட், சேம் புறோகிராம்."

அந்தச் சிறிய வகுப்புக்கு விண்ணப்பித்த நமது பிள்ளைகள் எல்லோரிடமும் கேடயத்தார் கையால் கொடுத்த ஒரு முதலாம் இடம் இருந்தது. அது இல்லாதவள் அவருடைய மகள் ஒருத்திதான். மல்வேர்ன் முழுவதையும் ஆயுதபாணியாக்கிவிட்டுத் தன் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பியிருந்தார். அவர் வானின் பின் விளிம்பில் உட்கார்ந்தார். கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த ஒரு கேடயத்தைத் திரும்பத் துடைத்தார்.

"நான் உதை யோசிக்கேல்லைப் பிள்ளை" என்றார்.

ஆரபி பனியில் முழங்காலிட்டுக் கேடயங்களைப் பார்த்தாள். விண்ணப்பத்தில் ஒன்றுக்குத்தான் இடமாம். அதைப் பற்றி ஒரு பந்தி எழுத வேண்டுமாம். அடியிலிருந்து சின்னதாய், தகடு கறுத்துப்போன ஒன்றை எடுத்தாள். பனிப்புயல் நாளின் கேடயம்.

"இதைப் பற்றி எழுதப்போறன்."

"உதோ? உது வேண்டாம். சர்வதேசத்தைப் போடு. கனம் பார் அது."

"அப்பா, பிளீஸ்." என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், நீங்கள் அண்டைக்கு வந்தனீங்கள்தானே? கோல் பண்ணிக் கேட்டா நடந்ததை அப்பிடியே சொல்லுவீங்களா?"

"பேப்பரிலையும் போட்டனான்" என்றேன்.

அவர்கள் போன பிறகு பனி அள்ள வெளியே வந்தேன். ட்றைவ்வே முழுவதும் சதுரம் சதுரமாகக் கேடயத் தடங்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் தொலைபேசி அடித்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண். பணிவான, அவசரமில்லாத குரல். ஒரு விண்ணப்பத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்றார்.

"அந்தப் போட்டியில் எத்தனை பேர் பங்குபற்றினார்கள்?"

"ஒருவர்."

"விண்ணப்பதாரருக்கு எத்தனையாம் இடம்?"

"இரண்டாம் இடம்."

மறுமுனையில் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"முதலாம் இடம் யாருக்கு?"

"யாருக்கும் இல்லை."

"ஏன் என்று சொல்ல முடியுமா?"

"அவருடைய அப்பா குழுவில் இருந்தார்."

யாரோ ஒலிவாங்கியைக் கையால் பொத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அந்தக் குரல் தொண்டையைச் செருமியது.

"கடைசிக் கேள்வி. உங்களுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் என்ன உறவு?"

"ஒன்றும் இல்லை" என்றேன்.

மே மாதம் ஆரபிக்கு இடம் கிடைத்தது. ஸ்ரௌவ்வில் பையனுக்கும் வினாடிவினாவில் முதலாம் இடம் வாங்கிய பிள்ளைக்கும் கிடைக்கவில்லை. அவளுடைய மதிப்பெண்ணுக்காகக் கிடைத்ததா, அந்தப் பந்திக்காகவா, அல்லது அனுமதி அலுவலகத்தில் அன்று யாருக்கோ சிரிக்க வேண்டும் போல் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிற எவரையும் நம்பாதீர்கள், குறிப்பாக மார்க்கத்தில் கடை வைத்திருப்பவரை. கேடயத்தாருக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

"பாத்தீங்களே அண்ணை? கேடயம்தான் எடுத்துக் குடுத்தது!"

ஊரும் அதையே நம்பியது, ஒரு திருத்தத்தோடு. முதலாம் இடம் வேலைக்கு ஆகாது, பல்கலைக்கழகங்கள் இரண்டாம் இடத்தைத்தான் விரும்புகின்றன என்று வாகனத் தரிப்பிடங்களில் பேசிக்கொண்டார்கள். 'முதலாமிடம் எண்டா தலைக்கனம் எண்டு நினைப்பாங்களாம்.' ஆலோசகரும் அதை ஆமோதித்தார். அந்தக் கோடையில் ஒரு விளையாட்டுப் போட்டியில், ஓட்டத்தில் முன்னால் வந்த பிள்ளையைப் பார்த்து, "மெல்ல, மெல்ல, மற்றவளை விடு!" என்று ஒரு தகப்பன் கத்தியதை நான் என் காதால் கேட்டேன். ஒரு தாய் கேடயத்தாரிடம் நேரடியாகவே வந்தார்.

"எங்கட மகளுக்கும் இந்தமுறை ரெண்டாமிடம் தாங்கோ அண்ணை."

"மன்னிக்கோணும் தங்கச்சி. அது எங்கட ஆக்களுக்கு மட்டும்."

அந்தத் தாயின் தகப்பன் எந்தப் பகுதி என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் ஒரு சொந்தம் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செப்ரெம்பரில் ஆரபியைப் பல்கலைக்கழக விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாள் நான் வேலையால் வந்தபோது வாசலில் ஒரு குளியல் துவாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பனியில் விரித்த அதே துவாய். உள்ளே ஒரு கேடயம். மார்க்கரால் எழுதியதல்ல, கடையில் கொடுத்துப் பொறித்த பித்தளைத் தகடு. மேலே 'நேர்மையான சாட்சி' என்றும், நடுவில் என் முழுப் பெயரும் பிழையில்லாமல் இருந்தன.

கீழே, சிறிய எழுத்தில், 'இரண்டாம் இடம்' என்று இருந்தது.